வாசகனின் திரட்டேடு

படித்தல் ஒரு செயல். படித்ததைப் பேணுதல் மற்றொரு செயல். முன்னதைப் பற்றித் தமிழில் அறவுரைகள் மிகுதி. பின்னதைப் பற்றிப் பேசியோர் சிலரே. நூலொன்றை முடித்தவன் அதிலிருந்து எதை எடுத்து வைக்கிறான், எங்கே வைக்கிறான், என்ன தலைப்பிட்டு வைக்கிறான், மீண்டும் அதனிடம் செல்கிறானா என்னும் வினாக்கள் திறனாய்வுக்குப் புறம்பானவை என்றே பலரும் கருதி வந்துள்ளனர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தைப் பொறுத்தவரை இக்கருத்து பொருந்தாது. இங்கே கதையும் கவிதையும் பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் பிறந்தன. நூலுருப் பெறும் பேறு அவற்றுள் ஒரு பகுதிக்கே வாய்த்தது. எஞ்சியவற்றுள் பல, யாரோ ஒரு வாசகர் கத்தரித்து வைத்த தாளில் உயிர் தாங்கி நின்றன. அவ்வாறு கத்தரிப்பார் இல்லாதபோது, அடுத்த நாள் மளிகைக் கடையில் பொட்டலமாயின.

பள்ளிகளில் திரட்டேடு என்றால் படம் வெட்டி ஒட்டும் சுவடி என்று பொருள்படுகிறது. அச்சொல்லுக்கு அதனினும் விரிந்த பொருள் தரலாம். இதழ்களிலிருந்து வெட்டிய நறுக்கு, கையால் பெயர்த்தெழுதிய பகுதி, படித்த நூல்களின் பட்டியல், படிக்கையில் எழுந்த ஐயம், படித்து நெடுநாள் கழித்துத் தோன்றிய மாறுபாடு ஆகிய யாவும் ஒருவன் தன் படிப்பு வாழ்க்கையைத் தானே எழுதி வைக்கும் முயற்சிகள். இவை அனைத்துக்கும் திரட்டேடு என்ற ஒரே பெயர் போதும். 'திரட்டு' என்ற சொல் இவ்வகையில் தமிழுக்குப் புதியதும் அன்று.

புறத்திரட்டு என்னும் தொகை நூலை இங்கே நினைத்தல் வேண்டும். 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் அந்நூலில், எஸ். வையாபுரிப்பிள்ளை 1938இல் வெளியிட்ட பதிப்பின்படி, 1,570 பாடல்கள் உள்ளன. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. அவர் தாமாக ஒரு பாடலும் இயற்றினாரல்லர். பல நூல்களைப் படித்தார். தம் நெஞ்சுக்கு இசைந்தவற்றைப் பொறுக்கினார். திருக்குறளின் அதிகார முறையை ஒட்டித் தலைப்புகள் அமைத்து அவற்றின்கீழ் வரிசைப்படுத்தினார். பிற்காலத்தார் இதனைத் தொகை நூல் என வகைப்படுத்தினாலும், செய்கை முறையால் இது ஒரு தேர்ந்த வாசகனின் திரட்டேடே ஆகும். அவர் செய்த மற்றொரு காரியம் பார்வைக்குச் சிறியது, பயனில் பெரியது. பாடல் எந்நூலினின்றும் எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் ஏட்டில் இடம்பெற்றது. அந்தக் குறிப்பு இருந்தமையால்தான் முத்தொள்ளாயிரம் என்றொரு நூலின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் இன்று மாணவர் கைக்கு வந்திருக்கின்றன. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை ஆகியவற்றின் எஞ்சிய பாடல்களுக்கும் பெரும்பாலும் அதுவே புகலிடம். ஐம்பெருங்காப்பியங்களுள் வைத்தெண்ணப்படும் வளையாபதி, குண்டலகேசி ஆகிய இரண்டும் முழுமையாகக் கிடைக்கவில்லை; கிடைத்துள்ள பாடல்களில் பெரும்பகுதியைக் காத்துத் தந்ததும் புறத்திரட்டே.

இவ்வளவில் பாராட்டி நிறுத்திவிடுவது எளிது. ஆயினும் திரட்டேட்டின் குறை எது என்பதையும் அதே நூல் காட்டுகிறது. புறத்திரட்டின் ஆசிரியர் அறம் நாடிப் படித்தவர். ஆகவே வளையாபதியினின்றும் அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் அறங்கூறும் பாடல்களே. கதைமாந்தர் யாவர், அவர்க்கு நேர்ந்தது யாது என்பவற்றை அப்பாடல்களைக் கொண்டு உறுதிப்படுத்த இயலவில்லை. காப்பியம் என்ற பெயர் நிற்கிறது, கதை போய்விட்டது. முத்தொள்ளாயிரத்திலும் பாடல்களின் பழைய வரிசை சிதைந்தது. தொகுப்பவனின் விருப்பம் சல்லடையாகிறது; அதன் கண்ணுக்குப் பொருந்தாதவை என்றென்றைக்குமாக விழுந்துவிடுகின்றன. திரட்டுவோன் பெருந்தொண்டு செய்கிறான். கூடவே ஒரு தீர்ப்பும் வழங்குகிறான். பல வேளைகளில் தான் தீர்ப்பு வழங்குவதையே அவன் அறிவதில்லை.

மூலத்தைக் குறிக்காமல் மேற்கோள் எடுப்பதனால் வரும் இடர் எத்தகையது என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையே சான்று. சீவகசிந்தாமணியை அவர் ஆராயத் தொடங்கியபோது நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் நிறைந்திருக்கக் கண்டார். உரையாசிரியரோ பல இடங்களில் நூற்பெயர் சொல்லாமலே அடிகளை எடுத்தாண்டிருந்தார். அவர் காலத்து மாணவர்க்கு அது தேவைப்பட்டிராது; கேட்ட அளவில் இன்ன நூல் என்று உணர்ந்திருப்பர். சில நூற்றாண்டுகள் கடந்தபின், அந்நூல்களின் பெயரே பலருக்குத் தெரியாத நிலையில், ஒவ்வோர் அடியும் புதிராயிற்று. ஐயர் ஏடு ஏடாகத் தேடினார். பழைய நூல்களைப் படிக்கப் படிக்க, முன்பு விளங்காத மேற்கோளின் பிறப்பிடம் தென்படலாயிற்று. அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்ததற்குப் பின்னணியில் இத்தகைய குறிப்பெடுப்பின் உழைப்பு நிற்கிறது. பதிப்பாசிரியர் என்று அவரைப் போற்றுகிற பாடநூல்கள், குறிப்பெடுத்த வாசகர் என்று அவரை மாணவர்க்கு அறிமுகப்படுத்துவது அரிது. மாணவன் பின்பற்றத்தக்க பகுதி அதுவே.

மேனாட்டிலும் இப்பழக்கம் ஓங்கி வளர்ந்திருந்தது. ஆங்கில மெய்யியலறிஞர் ஜான் லாக் தாம் குறிப்பேட்டுக்கு அட்டவணை அமைத்த முறையை 1686இல் பிரெஞ்சு இதழொன்றில் விளக்கினார். தலைப்புச் சொல்லின் முதலெழுத்தையும் அச்சொல்லில் அடுத்து வரும் உயிரெழுத்தையும் சேர்த்துப் பக்கத்தைக் கண்டறிவது அம்முறை. ஒரு மெய், ஓர் உயிர். அதாவது தமிழில் ஓர் உயிர்மெய்! லாக் வகுத்துக் கண்ட ஏற்பாடு தமிழ் நெடுங்கணக்கில் இயல்பாகவே அமைந்து கிடக்கிறது. அப்படியிருந்தும் தமிழ் மாணவர் குறிப்பேடுகளில் அகரவரிசைப் பக்கம் ஒன்றைக் காண்பது அரிதாயிருப்பது வியப்பே. பின்னர், அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன், பக்கங்களில் முன்னரே பசை பூசப்பட்ட திரட்டேடு ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். நீரால் நனைத்தால் போதும், நறுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் தொல்லை அதனால் நீங்கியது. எதை ஒட்டுவது என்னும் தொல்லையை எந்தக் காப்புரிமையாலும் நீக்க முடியாது.

சார்லஸ் டார்வினின் பழக்கம் இவ்விருவருடையதினும் கருதத்தக்கது. 1838 முதல் 1860 வரை அவர் வைத்திருந்த படிப்புக் குறிப்பேடுகளில், படிக்க வேண்டியவை, படித்து முடித்தவை என இரு பட்டியல்கள் உள்ளன. நூலின் இறுதியில் தமக்கு வேண்டிய செய்திகளுக்குத் தாமே ஓர் அட்டவணை எழுதிக்கொள்வார். முப்பது நாற்பது உறைகளில் பொருள்வாரியாகக் குறிப்புகளைப் போட்டு வைப்பார். தம் கொள்கைக்கு மாறான செய்தியோ கருத்தோ எதிர்ப்பட்டால், அதனை உடனே, தவறாமல் எழுதிவிடுவது என்ற விதியையும் அவர் கடைப்பிடித்தார். உவப்பானவை நினைவில் தங்கிவிடும். உவப்பில்லாதவை நழுவிவிடும் என்பதை அவர் பட்டறிவால் கண்டிருந்தார். அழகிய வரிகளை மட்டும் பெயர்த்தெழுதும் இலக்கிய மாணவனுக்கு ஓர் அறிவியலார் கற்றுக்கொடுக்கும் பாடம் இது. ஒரு கவிஞரைப் போற்றுபவன், அவர் சறுக்கிய இடத்தையும் தன் ஏட்டில் குறித்தாலன்றி அவன் போற்றுதலுக்கு எடை இல்லை.

சவகர்லால் நேருவின் 'உலக வரலாற்றுக் காட்சிகள்' 1934இல் நூலாயிற்று. 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து தம் மகளுக்கு எழுதிய 196 கடிதங்களே அந்நூல். சிறையில் நூலகம் இல்லை. வந்த நூல்களும் அவரிடம் தங்கவில்லை. சிறை செல்லத் தொடங்கிய நாள் முதல் படித்த நூல்களினின்றும் அவர் எடுத்து வைத்திருந்த குறிப்பேடுகளே கைகொடுத்தன என்று முன்னுரையில் அவரே கூறுகிறார். நூலை இழந்தவனுக்கும் குறிப்பேடு துணை நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

தமிழ் வாசகர்க்கு மிகப் பழகிய திரட்டு வடிவமோ வேறு. அது தொடர்கதைக் கட்டு. வார இதழில் வரும் தொடர்கதையை வாரந்தோறும் தனியே பிரித்தெடுத்து, முடிந்தவுடன் ஊசி நூலால் தைத்தோ பைண்டரிடம் கொடுத்தோ அட்டையிட்டுக் கட்டி வைப்பது அந்நாளைய குடும்பங்களில் ஒரு வழக்கமாக இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் வெளிவந்தபோது இவ்வாறு கட்டப்பட்ட தொகுப்புகள் பல. பின்னர் நூலாக வாங்கிப் படித்தவர்க்குக் கிட்டாத ஒன்று அக்கட்டுகளில் இருந்தது. மணியம் வரைந்த ஓவியங்கள் அந்தந்த அத்தியாயத்தோடு, அந்தந்த இடத்தில் நின்றன. ஒவ்வொரு வாரமும் கதை எங்கே நிறுத்தப்பட்டது, வாசகர் எதற்காக ஏழு நாள் ஏங்கினர் என்பதும் அதில் புலனாகும். தாளின் மறுபுறத்தில் ஒரு துணுக்கின் பாதி இருக்கும். அறுந்துபோன ஒரு விளம்பரம் இருக்கும். தூய்மை நாடுவோர்க்கு அவை குப்பை. காலத்தை ஆராய்வோர்க்கு அவையும் சான்று. தொடர்கதைக் கட்டில் ஒரு குறையும் உண்டு. அதில் வாசகனின் சொல் ஒன்றும் இராது. பெரும்பாலும் அட்டையின் உட்புறத்தில் பெயரும் ஊரும் மட்டுமே இருக்கும். ஆர்வம் தெரியும், கருத்துத் தெரியாது.

இனி இந்நாடுகளின் நிலைமைக்கு வருவோர், இங்கே நாளிதழ் ஆற்றிய பணி தமிழகத்தினின்றும் வேறுபட்டது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். அங்கே பதிப்பகங்களும் வார இதழ்களும் பெருகியிருந்தன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுத விரும்பியவனுக்கு நாளிதழே ஏடு, நாளிதழே மேடை, நாளிதழே பள்ளிக்கூடம். 1924இல் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் எழுத்தாளர்களை உருவாக்கிய வரலாறு ஆசிரியர் பலரும் அறிந்ததே. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினர். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் 1950களில் பள்ளிப் பிள்ளைகளை எழுத்துக்கு இழுத்தது. எழுதியவன் தன் பெயர் அச்சில் வந்த பகுதியை வெட்டி வைத்தான். எழுதாதவனும், தனக்குப் பிடித்ததை வெட்டி வைத்தான். தோட்டத்துக் குடியிருப்பில், தகரப் பெட்டிக்குள், துணிமணிகளுக்கு அடியில் இலக்கியம் இருந்தது.

அத்தகைய நறுக்குகளைக் கையிலெடுக்கும் ஆய்வு மாணவன் முதலில் மகிழ்கிறான், பின்னர்த் திகைக்கிறான். கதை இருக்கிறது. எந்த இதழ்? தெரியாது. எந்த நாள்? தெரியாது. இதழின் பெயரும் நாளும் பக்கத்தின் உச்சியில் அச்சாகியிருக்கும். கத்தரிக்கோல் முதலில் களைவது அதைத்தான். கதைக்கு அழகாக எல்லை வெட்டிய கை, அதன் பிறப்புச் சான்றை வெட்டி எறிந்துவிட்டது. புனைபெயரில் எழுதப்பட்டதாயின் இடர் இருமடங்கு. நச்சினார்க்கினியரின் மேற்கோள்கள் சாமிநாதையருக்கு ஏற்படுத்திய அதே இன்னல், நேற்று வாழ்ந்த ஓர் இலக்கியத்துக்கு இன்று நேர்கிறது. ஐந்நூறு ஆண்டுகள் கடக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளே போதும்.

பழைய இதழ்கள் மின்வடிவில் வந்துவிட்டபின் நறுக்குக்கு என்ன தேவை என்று கேட்பாரும் உளர். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்னிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசும் இடம்பெற்றுள்ளது, அது பெருங்கொடை. ஆயினும் நாள் தெரிந்தவனே அங்கே நேராகச் சென்று பக்கத்தைத் திறப்பான். நாள் தெரியாதவன் ஆண்டுக் கணக்கில் பக்கம் புரட்ட வேண்டும். மேலும், நாளிதழ்கள் நிலையானவை அல்ல. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்த தமிழ் நேசன் 2019 சனவரியுடன் நின்றது. நிறுவனம் நின்றுவிட்டால் அதன் பழைய கோப்புகளின் கதி என்ன என்பது யாருக்கும் எளிதில் விடை கிடைக்காத வினா. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்படம் தருவது இதழை மட்டுமே. அதைப் படித்தவன் எந்த வரியின்கீழ்க் கோடிட்டான், ஓரத்தில் என்ன எழுதினான் என்பதை எந்த மின்படமும் தராது. அது அவன் நறுக்கில் மட்டுமே உண்டு.

தாளின் இயல்பைப் பற்றியும் இடையில் ஒரு சொல் கூறலாம். நாளிதழ்த் தாள் மலிவான மரக்கூழால் ஆவது. ஒளியும் காற்றும் பட்டால் பழுப்பேறி முறியும். மைதாப் பசையும் கஞ்சிப் பசையும் கரப்பானுக்கும் இராமபாணத்துக்கும் விருந்து. ஒட்டுநாடா இன்னும் கொடியது. சில ஆண்டுகளில் பசை கசிந்து எழுத்தின்மேல் பழுப்புக் கோடாய்ப் படியும். ஆண்டு முழுவதும் ஈரம் சுமந்த இந்நாடுகளின் காற்றில், ஒட்டுவதைவிட உறையிலிட்டு வைப்பதே மேல். குறிப்பைப் பென்சிலால் எழுதுவது நன்று. சில மைகள் பரவிவிடும். கைத்திறன் கற்பிக்கும் ஆசிரியர் வண்ணத்தாள் வெட்டக் கற்பிக்கும்போது இதனையும் சேர்த்துக் கற்பித்தால் கூடுதல் செலவு ஏதுமில்லை.

மாணவர்க்குப் படிப்புப் பதிவு என்பது இன்று புதுமையன்று. மலேசியக் கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் தொடங்கிய நிலாம் வாசிப்புத் திட்டத்தின்கீழ், தமிழ்ப்பள்ளி மாணவரும் தாம் படித்த நூல்களைப் பதிவு செய்து வருகின்றனர். முன்பு பதிவேட்டில் எழுதினர். பின்னர் அது கணினிக்கும் மாறியது. நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், கதைச் சுருக்கம் ஆகியவை அதில் இடம்பெறும். படிக்கும் பழக்கத்தை நாடு முழுவதும் ஊன்ற முயன்ற திட்டம் என்ற அளவில் அதன் நோக்கம் போற்றத்தக்கது. நூலின் பிறப்புச் சான்றை எழுதப் பழக்குவது என்ற வகையில், தோட்டத்து வாசகனின் கத்தரிக்கோல் செய்த பிழையை அது நீக்குகிறது என்றும் கூறலாம்.

இடர் எண்ணிக்கையில் தொடங்குகிறது. இத்தனை நூல் படித்தார்க்கு இந்தத் தகுதி என்று ஏற்பட்டவுடன், மெல்லிய நூலைத் தேடுவது மாணவனின் தொழிலாகிறது. பின்னட்டையில் உள்ள அறிமுகமே கதைச் சுருக்கமாகிறது. நண்பனின் பதிவு தன் பதிவாகிறது. 'இக்கதை மிகவும் நன்றாக இருந்தது. நல்ல படிப்பினையைத் தந்தது' என்னும் இரு வரிகள் எந்த நூலுக்கும் பொருந்துவன; அவ்வரிகளைத் திருத்தித் திருத்திச் சலித்த ஆசிரியர் பலர். மாணவனை மட்டும் குறை கூறுவது முறையன்று. கருத்து என்றால் பாராட்டு என்றே அவன் கற்பிக்கப்பட்டிருக்கிறான். ஒரு நூல் தனக்குப் பிடிக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதலாம் என்பதே அவனுக்குத் தெரியாது.

மாற்றாக ஒரு குறிப்பை எண்ணிப் பார்க்கலாம். ஒரு சிறுகதையைப் படித்த பதின்மூன்று வயது மாணவி இவ்வாறு எழுதுகிறாள் என்று கொள்க: 'பாட்டி கடைசியில் ஏன் பேசவில்லை என்று புரியவில்லை. கோபமா, பயமா? 14ஆம் பக்கத்தில் கதவைச் சாத்தினாள் என்று மட்டும் இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். அம்மா இதைப் படிக்கவில்லை.' இதில் சுருக்கம் இல்லை, படிப்பினை இல்லை, மொழித் திறனும் மிகுதியன்று. ஆயினும் அவள் படித்தாள் என்பதற்கு இதில் ஐயமற்ற சான்று உண்டு. எழுத்தாளன் சொல்லாமல் விட்ட இடத்தில் அவள் கால் இடறி நின்றிருக்கிறாள். அந்த இடம் எந்தப் பக்கத்தில் உள்ளது என்றும் குறித்துவிட்டாள். அதே மாணவி ஐந்தாண்டு கழித்து இதே பக்கத்தைத் திறந்தால், விடையை அவளே எழுதக்கூடும். அப்போது அந்த ஏட்டில் இரண்டு வாசகர்கள் இருப்பர், இருவரும் ஒருத்தியே. திறனாய்வு என்று பெரும்பெயரிட்டு அழைக்கப்படும் கலை இவ்விரு குறிப்புகளுக்கும் இடையே தொடங்குகிறது.

அண்மை ஆண்டுகளில் இளைஞரிடையே பரவியுள்ள அலங்காரப் படிப்பேடுகளைக் கண்டு தமிழாசிரியர் சிலர் முகம் சுளிக்கின்றனர். பூப்போட்ட ஒட்டுநாடா, வண்ண மை, நூலின் அட்டைப்படத்தைச் சிறிதாக்கி ஒட்டுதல், ஐந்து விண்மீனில் மூன்றரை என மதிப்பிடுதல் முதலியன அவற்றின் அடையாளங்கள். இவற்றை முற்றாக இகழ்வது தகாது. கையால் ஒன்றைச் செய்பவன் அதனோடு நெடுநேரம் இருக்கிறான்; ஏட்டுச் சுவடிக்கு மஞ்சள் தடவி, கயிறு முடிந்து, பட்டுத்துணியில் சுற்றி வைத்த மரபினர் அழகுபடுத்தலைப் பழிக்க உரிமையுடையவர் அல்லர். ஆயினும் விண்மீன் மதிப்பீட்டின் வறுமையைச் சொல்லியாக வேண்டும். மூன்றரை என்பது எதனை அளக்கிறது? நடையையா, கதையையா, அன்றைய மனநிலையையா? அரை விண்மீன் எங்கே குறைந்தது என்று ஒரு வரி எழுதினால் அதுவே மதிப்பீடு. எழுதாத வரையில் அது வெறும் விலைச் சீட்டு. பக்கம் அழகாக அமைய வேண்டும் என்ற கவலையால், திரும்பிச் சென்று அடித்து எழுதவும், ஓரத்தில் மறுப்பு எழுதவும் அஞ்சுவோரும் உளர். திருத்தமில்லாத படிப்பேடு பொருட்காட்சிக்கு ஏற்றது, படிப்பவனுக்கு உதவாது.

பெயர்த்தெழுதுதலால் சொந்தச் சிந்தனை மழுங்கும் என்பது மற்றொரு மறுப்பு. பாடநூலின் உரையைப் பெயர்த்தெழுதித் தேர்வில் கக்கும் பழக்கத்தைக் கண்டோர் எழுப்பும் மறுப்பு இது, அவ்வளவில் நியாயமானதும்கூட. ஆனால் தானே தெரிந்தெடுத்த பத்தியைத் தன் கையால் எழுதுபவனுக்கு நேர்வது வேறு. விரைந்து ஓடும் கண்ணைக் கை இழுத்துப் பிடிக்கிறது. நீண்ட தொடர் எங்கே மூச்சு வாங்குகிறது, வினைமுற்று எதற்காகத் தள்ளிப் போடப்பட்டது, ஓர் அடை ஏன் விடப்பட்டது என்பவை எழுதும்போது புலப்படுவதுபோல் படிக்கும்போது புலப்படுவதில்லை. நறுக்கி ஒட்டுவதில் இப்பயன் இல்லை; கைப்பேசியில் படமெடுத்து வைப்பதில் அறவே இல்லை. படமெடுத்த பக்கத்தை மீண்டும் திறந்து படித்தோர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டால் விடை விரைவில் கிடைத்துவிடும்.

ஆசிரியர்க்கு உரிய சிக்கல் இனிமேல்தான் உள்ளது. மதிப்பெண் இடப்படும் என்று தெரிந்த ஏட்டில் மாணவன் உண்மை எழுதமாட்டான். மதிப்பெண் இடப்படாத ஏட்டை அவன் எழுதவே மாட்டான். இவ்விரண்டுக்கும் நடுவே வழியொன்று காண்பது எளிதன்று. ஒரு பாதியைப் பார்த்து மறுபாதியைப் பாராதிருப்பது ஓரளவு பயன்படும். நூலின் பெயர், ஆசிரியர், இதழ், நாள், பக்கம் ஆகியவை பிழையின்றி உள்ளனவா என்பதை ஆசிரியர் கண்டிப்புடன் பார்க்கலாம். அது கைவினை, கைவினைக்கு மதிப்பெண் உண்டு. மாணவன் எழுதிய கருத்தில் சிவப்பு மை படாதிருத்தல் நலம். சந்திப்பிழையைக்கூட அங்கே விட்டுவிடலாம். இலக்கணம் கற்பிக்க வேறு ஏடுகள் போதிய அளவு உள்ளன. தம் சொந்தப் படிப்பேட்டை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர் இவ்வழியில் இன்னும் விரைந்து செல்வார். அதில் அடித்தல் திருத்தல் மிகுந்திருந்தால் மேலும் நன்று.

ஏட்டுக்கு உரியவர் மறைந்தபின் அது என்னாகிறது என்பது எஞ்சிய வினா. பெரும்பாலும் பழைய தாள் விலைக்குப் போகிறது. வீட்டை மாற்றும்போது முதலில் கழிக்கப்படுவதும் அதுவே. பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிடில் அதன் முடிவு இன்னும் உறுதி. இதற்கு மாறான ஒரு முடிவையும் தமிழுலகம் கண்டிருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். பிறர் எறிந்துவிடும் அழைப்பிதழ், துண்டறிக்கை, செய்தி நறுக்கு ஆகியவற்றையும் விட்டுவைத்தாரில்லை. 1992இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதனைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பேராசிரியர்கள் இன்று அங்கே தேடிச் செல்பவற்றுள், யாரோ ஒருவரின் திருமண அழைப்பும் நாடக விளம்பரத் தாளும் உண்டு.

அத்தகைய நூலகம் எல்லா ஊர்க்கும் வாய்க்காது. ஆயினும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் வீடுகளில் பழைய நறுக்குகளும் குறிப்பேடுகளும் இன்னும் கிடக்கின்றன. எழுதியவர் உயிரோடிருக்கும்போதே ஒரு மாணவன் சென்று, எதிரே அமர்ந்து, ஒவ்வொரு நறுக்கையும் எடுத்துக் காட்டி, இது எந்த இதழ், எந்த ஆண்டு, அந்தப் புனைபெயர் யாருடையது என்று கேட்டுப் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வாங்கினால், ஒரு மாலைப்பொழுதில் இருபது முப்பது நறுக்குகளுக்குப் பிறப்புச் சான்று கிடைத்துவிடும். விடை தெரியாதவற்றைத் தனி உறையில் இட்டு, அதன்மேல் பார்த்த நாளையும் பார்த்தவர் பெயரையும் எழுதி வைக்கலாம்.